நிஜ அளவு ஆர்டூ-டீடூவை வீட்டிலேயே கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடை சாத்திய பிறகும் உட்கார்ந்து ஒரு ஆர்டூ-டீடூவைக் கட்டி முடித்தேன். இப்போது அது எங்கள் வீட்டு முன்னறையில் நிற்கிறது, தலையைத் திருப்புகிறது, விசில் மாதிரி கூவுகிறது, ஓடுகிறது. பார்க்க வருகிற ஐ.டி.ஐ. மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எந்த ரோபோ? ஏன் இதைக் கட்டினீர்கள்?

1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் வருகிற குட்டை ரோபோ. உருவத்தை வரைந்தவர் ரால்ஃப் மக்வாரி என்ற ஓவியர். உயரம் சுமார் 109 சென்டிமீட்டர், நம் சாப்பாட்டு மேசையைவிட ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதல் இருக்கும், அவ்வளவுதான். பல காட்சிகளில் அதற்குள் ஒரு மனிதர் இருந்தார். 112 சென்டிமீட்டர் உயரமுள்ள கென்னி பேக்கர் என்ற நடிகர் உள்ளே இருந்து அதை ஆட்டி அசைத்தார். ஓட வேண்டிய காட்சிகளுக்கு மூன்று காலோடு ரிமோட்டில் ஓடும் வேறு பிரதிகள் இருந்தன.

எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். அதற்கு முகம் கிடையாது, வாய் கிடையாது, ஒரு வார்த்தை பேசாது. ஆனாலும் அது பயப்படுகிறதா, கோபப்படுகிறதா, அடம்பிடிக்கிறதா என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். தலை திரும்புகிற வேகம், உடம்பு லேசாக ஆடுவது, அந்தக் கூவல், இந்த மூன்றை வைத்தே ஒரு உயிரைக் காட்டிவிட்டார்கள். தகரமும் மோட்டாரும் எப்படி உயிர் மாதிரி ஆகிறது என்று என் கையால் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். அதனால் இந்தப் பக்கம் முழுக்க "பார்க்க அதே மாதிரி இருப்பது" என்பதைவிட "அதே மாதிரி நடந்துகொள்வது" என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நம்ம ஊர் ஆள் சிட்டி இருக்கும்போது வெளிநாட்டு ரோபோ எதற்கு?

2010இல் வந்த எந்திரனின் சிட்டியைக் கட்டச் சொல்லித்தான் என் கடைப் பையன்களும் கேட்டார்கள். சிலையாக நிறுத்துவதென்றால் தாராளமாகக் கட்டலாம். நடக்க வைப்பதுதான் பெரிய காரியம். இரண்டு காலில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் மொத்த எடையும் ஒரே பாதத்தின் மேல் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் தவறினால் விழுந்துவிடும். ஹோண்டா நிறுவனம் நடக்கும் ரோபோ ஆராய்ச்சியை 1986இல் தொடங்கி, ஆசிமோவை வெளியே கொண்டுவந்தது 2000இல்.

ஆர்டூவுக்குச் சக்கரம் உண்டு. மூன்று பாதம் தரையில் இருக்கும். வீட்டில் கட்டுகிறவர் முதலில் கை வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சினிமா ரோபோ எனக்குத் தெரியவில்லை.

அளவுகள் எங்கே கிடைக்கும்?

இதைக் கட்டுகிறவர்களுக்கென்றே 1999இல் இணையத்தில் ஒரு குழு தொடங்கினார்கள். உலகம் முழுக்க இருக்கிறவர்கள் அளவெடுத்து, வரைபடம் போட்டு, ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் இருந்த லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீபிள்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்களை 2015இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஆர்டூ கட்டவே அழைத்துக்கொண்டார்கள். வீட்டுக் கொட்டகையில் கட்டியவர்கள் படப்பிடிப்புத் தளத்துக்குப் போனார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வரைபடங்கள் பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும். அது நமக்கு நல்லதே. உடம்பின் விட்டம் சுமார் பதினெட்டேகால் அங்குலம். எங்கள் பகுதித் தச்சரிடம் "46.4 சென்டிமீட்டர்" என்று சொன்னால் டேப்பைத் தேடுவார். "பதினெட்டு அங்குலம் ரெண்டு நூல்" என்றால் அடுத்த நிமிடம் பலகையில் கோடு விழுந்துவிடும். ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம், அதனால் இரண்டு நூல் கால் அங்குலம். வரைபடத்தைக் கையில் எடுத்ததும் எல்லா அளவையும் அங்குலம், நூலில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் செய்த வேலைகளில் மிகவும் பலன் கொடுத்தது அதுதான்.

அப்புறம், எதையும் வெட்டுவதற்கு முன் அட்டைப்பெட்டியில் நிஜ அளவில் ஒன்று செய்து வீட்டுக்குள் நிறுத்திப் பாருங்கள். கால்களோடு சேர்த்து அகலம் இரண்டடிக்கு மேல் வரும். நம் வீடுகளில் வாசல் கதவு மூன்றடி, பின்கட்டுக் கதவு இரண்டரை அடி. எந்தக் கதவு வழியாகப் போய்வரும் என்பது முதலிலேயே தெரிந்துவிடும்.

முழுசும் 3டி பிரிண்டரில் எடுத்துவிடலாமே?

எடுக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் நீங்கள் சேலத்தில் இருக்கிறீர்கள், அதை மறக்கக் கூடாது.

சாதாரணமாக எல்லோரும் வாங்குகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் இங்கே நிழலிலேயே 38, 40 டிகிரி. தகரக் கூரைக்குக் கீழே, மூடிய காருக்குள்ளே எல்லாம் அது 60ஐத் தொட்டுவிடும். நான் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைத்திருந்த தோள் மூட்டுப் பாகம் ஒரு மே மாதம் தன் எடையிலேயே வளைந்து போனது. பதினொரு நாள் ஓடிய பிரிண்ட் அது. பெட்ஜி என்கிற பிளாஸ்டிக் சுமார் 80 டிகிரி வரை தாங்கும். ஏபிஎஸ் நூறைத் தாண்டியும் நிற்கும், ஆனால் பிரிண்ட் எடுக்கும்போது மூலைகள் தூக்கிக்கொள்ளும், புகையும் நல்லதில்லை. எடை தாங்காத அலங்காரப் பாகத்துக்கு பிஎல்ஏ போதும். எடை தாங்குகிற எதற்கும் வேண்டாம்.

இன்னொன்று மின்தடை. இருபது மணி நேரப் பிரிண்டில் பதினேழாவது மணியில் கரண்ட் போனால் வருகிற வருத்தம் பெரியது. பிரிண்டருக்குத் தனியாக யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கலந்து செய்தேன். உள் சட்டம் 12 மில்லிமீட்டர் வாட்டர்புரூஃப் பிளைவுட். கால்கள் பிளைவுட் அடுக்குகளை ஒட்டி இழைத்தது. உடம்பைச் சுற்றும் தோல் அலுமினியத் தகடு. தலை அலுமினியம். கண், விளக்குக் கூண்டு, சின்னச் சின்னக் குழாய், பித்தான் எல்லாம் பிரிண்ட்.

தலையை எப்படிச் செய்தீர்கள்? எங்கே வாங்கினீர்கள்?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான், ஏனென்றால் ஆர்டூவின் அழகு முழுக்கத் தலையில் இருக்கிறது. வாங்கவில்லை, இங்கேயே அழுத்தி எடுத்தோம்.

அலுமினியக் குண்டானும் மூடியும் எப்படிச் செய்கிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? லேத் மாதிரி ஒரு இயந்திரத்தில் மர அச்சைப் பொருத்துவார்கள். அதன் முன்னால் வட்டமாக வெட்டிய தகட்டை வைத்து இறுக்கிச் சுழல விடுவார்கள். நீளமான இரும்புக் கோலைக் கக்கத்தில் இடுக்கி, உடம்பின் எடையைக் கொடுத்து, சுழலும் தகட்டை அச்சின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் படிய வைப்பார்கள். பத்து நிமிடம் முன்பு தட்டையாக இருந்தது பாத்திரமாக நிற்கும். வெளிநாட்டில் ஆர்டூ தலையை அலுமினியத்தில் செய்கிறவர்கள் பின்பற்றுவதும் இதே முறைதான்.

நான் போய்க் கேட்ட பட்டறையில் பெரியவர் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்தார். "எவ்வளவு உயரம் வேணுங்க?" என்று மட்டும் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. நீங்கள் போகும்போது "அரைக்கோளம்" என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வரைபடத்தில் உள்ள வளைவை அப்படியே கெட்டி அட்டையில் வெட்டிக் கொண்டு போங்கள். அச்சு கடைகிறவர் அதை மரத்தின் மேல் வைத்து வைத்துப் பார்த்துச் செதுக்குவார். எங்கள் அச்சு வேப்ப மரம்.

16 கேஜ் தகடு வைத்தோம், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர். அழுத்தும்போது தகடு இழுபட்டு ஓரங்களில் மெலியும். 20 கேஜில் முயன்ற முதல் தலை மடிப்பு விழுந்து கிழிந்தது. இரண்டாவதில் நடுவில் ஒருமுறை நிறுத்தி, தகட்டைச் சூடு காட்டி இளக்கி, மறுபடி அழுத்தினார். அதுவே இப்போது ஆர்டூவின் தலை.

கண்ணும் விளக்கும் பொருத்தத் தலையில் ஜன்னல்களை வெட்டுவது தனி வேலை. வளைந்த பரப்பில் நேர்கோடு போடுவது கடினம். பேப்பர் டேப் ஒட்டி, அதன் மேல் வரைந்து, சின்ன டிரில் ஓட்டைகளை வரிசையாகப் போட்டு, அரத்தால் ராவி எடுத்தேன். நாலு ஞாயிறு போனது. அவசரப்பட்டு கிரைண்டரை வைத்தால் ஒரே விநாடியில் கோடு தாண்டிவிடும்.

சேலத்தில் இதற்கெல்லாம் ஆள் கிடைப்பார்களா?

இந்த ஊரில் கிடைக்காமல் வேறு எங்கே கிடைப்பார்கள்! இரும்பாலை இருக்கிற ஊர். செவ்வாய்ப்பேட்டையில் இரும்புக் கடை, தகட்டுக் கடை, ஆணி, போல்ட் எல்லாம் நடந்தே வாங்கலாம். லேத் பட்டறை, லேசர் கட்டிங் எல்லாம் பக்கத்திலேயே. சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிறவர்களுக்கு உலோகத்தின் பளபளப்பைப் பற்றித் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. தலைக்கு பஃப் போடும்போது நான் கண்ணாடி மாதிரி மின்ன வைத்துக்கொண்டிருந்தேன். கொலுசுப் பட்டறை நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "இவ்வளவு மின்னுச்சுன்னா போட்டோவுல எதிர்ல நிக்கிறவன்தான் தெரிவான், ரோபோ தெரியாது, கொஞ்சம் மட்டுப்படுத்துங்க" என்றார். நைசான உப்புத்தாளை ஒரே திசையில் இழுத்துவிட்டார். படத்தில் பார்த்த அந்த மங்கிய வெள்ளி அப்போதுதான் வந்தது.

சினிமாவும் இந்த ஊருக்குப் புதிதில்லை. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையம் இங்கேதான் இருந்தது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. அங்கே அரண்மனையும் குகையும் கட்டியவர்கள் இந்த ஊர்த் தச்சர்களும் கொத்தனார்களும் பெயின்டர்களும் தானே. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

பட்டறைக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முழுசாகச் சொல்லிவிடுங்கள், படத்தையும் காட்டுங்கள். வெறும் "இந்த அளவில் ஒரு வளையம்" என்று கேட்டால் வளையம் கிடைக்கும். எதற்கு என்று சொன்னால் யோசனையும் சேர்ந்து கிடைக்கும்.

கால் எப்படி எடையைத் தாங்குகிறது?

மொத்த எடையும் இரண்டு தோள்களில் தொங்குகிறது. உடம்பு நேராக நின்றால் பெரிய சிக்கல் இல்லை. ஓடும்போது உடம்பு பின்னால் சுமார் 18 டிகிரி சாய்ந்து, நடுக்கால் முன்னால் வந்து ஊன்றும். அந்தச் சாய்வில் தோள் மூட்டு முறுக்கப்படுகிறது. பிளைவுட்டில் வெறும் போல்ட் போட்டால் ஓட்டை நாளாக நாளாக நீளும். இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் இரும்புத் தட்டு வைத்து நடுவில் பிளைவுட்டை இறுக்கிப் பிடித்தேன்.

படத்தில் இரண்டு காலில் நின்றுகொண்டிருக்கும்போதே மூன்றாவது கால் இறங்கும். அதையும் செய்கிறவர்கள் உண்டு. முதல் ரோபோவுக்கு அது வேண்டாம். மூன்று காலிலேயே நிலையாக நிற்கட்டும்.

என்ன மோட்டார்?

இது என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் ஆர்டூ 46 கிலோ. வலது பாதத்தில் ஒன்று, இடது பாதத்தில் ஒன்று என இரண்டு மோட்டார். முன்பாதத்தில் சுற்றித் திரும்பும் கேஸ்டர் சக்கரம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் நேராகப் போகும். ஒன்று மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும். எதிரெதிராக ஓடினால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

மின்சார ஸ்கூட்டருக்கு வருகிற 24 வோல்ட், 250 வாட் டிசி மோட்டார், கியர் பெட்டியோடு இருப்பதாக வாங்குங்கள். கியர் இல்லாத மோட்டார் மெதுவாகப் போகும்போது இழுவை இல்லாமல் திணறிச் சூடாகும். வேகக் கணக்கு எளிது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 31 சென்டிமீட்டர் போகும். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் சுமார் 63 மீட்டர். மணிக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. மனிதர் சாவகாசமாக நடக்கிற வேகம் அது, ஆர்டூவுக்கு அதற்கு மேல் தேவையில்லை. பிள்ளைகள் நிற்கிற இடத்தில் 46 கிலோ அதைவிட வேகமாக வரவே கூடாது.

250 வாட் மோட்டார் முழுச் சுமையில் 13, 14 ஆம்பியர் எடுக்கும். சக்கரம் படிக்கட்டில் முட்டி நின்றுவிட்டால் அதைப் போலப் பல மடங்கு எடுக்கும். ஆகவே மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர் போர்டை, அந்த மோட்டாரின் பெயர்ப் பலகையில் எழுதியிருப்பதைவிட இரட்டிப்பாவது தாங்குவதாகப் பாருங்கள். மலிவான போர்டுகளில் அச்சடித்திருக்கும் ஆம்பியரை நம்பி நான் இரண்டை எரித்தேன்.

பேட்டரி? தீப்பிடிக்காதா?

ஒழுங்காகச் செய்தால் பிடிக்காது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். தூரத்தில் வைத்தால், இடைப்பட்ட ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அந்த பியூஸ் எதையும் காப்பாற்றாது. முதன்மை ஒயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. முதுகுப் பக்கம் கைக்கு எட்டுகிற இடத்தில் பெரிய சிவப்பு நிறுத்துப் பொத்தான் வையுங்கள். படத்தில் அது இல்லை என்று யோசிக்காதீர்கள். ஒரு பேனலுக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம்.

ஆரம்பத்தில் யுபிஎஸ்ஸில் வருகிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தேன். முக்கால் மணி நேரம் ஓடியது. இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் எட்டைத் தொடராகப் போட்டிருக்கிறேன். அது 25.6 வோல்ட். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமலும் வடியாமலும் செல்களைக் காக்கிற பிஎம்எஸ் போர்டு இல்லாமல் இவற்றைத் தொடாதீர்கள். ஆர்டூவின் கணுக்கால் பக்கம் இருக்கிற பெட்டிகளின் பெயரே பேட்டரி பெட்டிதான். எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ரிமோட் வேலை செய்யாமல் போனால்?

மோட்டார் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் ஃபெயில்சேஃப் என்ற அமைப்பு இருக்கும். சிக்னல் அறுந்தால் வேகம் பூஜ்யம் என்று அதில் நீங்கள்தான் பதிய வேண்டும். பதிந்துவிட்டு, ரோபோவைக் கட்டை மேல் தூக்கி வைத்து, சக்கரம் சுழலும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். நிற்கிறதா? அதற்குப் பிறகே தரையில் இறக்குங்கள்.

1976இல் துனீசியாவில் முதல் படம் எடுத்தபோது ரிமோட் ஆர்டூக்கள் அடிக்கடி மக்கர் செய்தன. சில காட்சிகளுக்குக் கம்பி கட்டி இழுத்தார்கள். அவ்வளவு பெரிய குழுவுக்கே அப்படி. உங்களுடையது முதல் நாள் சுவரில் முட்டினால் மனம் தளராதீர்கள்.

விழுந்திருக்கிறதா?

ஒருமுறை. மூன்று பாதத்தையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். ரோபோவின் எடை மையம் அந்த முக்கோணத்துக்குள் விழுகிற வரை நிற்கும். முன்னால் ஒரே பாதம் இருப்பதால் முக்கோணம் முன்பக்கம் குறுகிவிடுகிறது. ஓடிக்கொண்டே திரும்பும்போது சட்டென்று பிரேக் போட்டேன். எடை முன்னால் பாய்ந்து, கோட்டைத் தாண்டி, மூலை வாட்டில் சாய்ந்துவிட்டது. தலையில் இன்னும் ஒரு சொட்டை இருக்கிறது.

அதற்கு மருந்து இரண்டு. எடையைக் கீழே இறக்குவது ஒன்று. வேகம் ஏறுவதும் இறங்குவதும் முக்கால் விநாடியாவது எடுத்துக்கொள்ளும்படி, மோட்டாரை ஓட்டுகிற நிரலில் எழுதுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்த பிறகு எனக்கு எதிர்பாராத லாபம் கிடைத்தது. அதுவரை பொம்மைக் கார் மாதிரி வெடுக்கென்று கிளம்பியது, அன்று முதல் யோசித்துக் கிளம்புவது மாதிரி தெரிந்தது. என் அக்கா மகள், "மாமா, இப்பதான் அது உசுரோட இருக்கு" என்றாள்.

தலை சுற்றிக்கொண்டே இருந்தால் ஒயர் முறுக்கிக்கொள்ளாதா?

முறுக்கும். ஸ்லிப் ரிங் போட வேண்டும். நூல் மில்லுக்கு மோட்டார் சர்வீஸ் செய்தவர்களுக்கு ஸ்லிப் ரிங் மோட்டார் தெரியும். சுழல்கிற வளையம், அதன் மேல் உரசுகிற பிரஷ். அதே தத்துவத்தில், பெருவிரல் பருமனில், 12 ஒயர் வருகிற சின்ன உருளை கிடைக்கிறது. தலை உட்காருவதற்கு, ஓட்டல் மேசைகளில் சுற்றுகிற தட்டுக்குக் கீழே இருக்குமே, அந்த வளைய பேரிங் பெரிய அளவில் வாங்கினேன்.

விளக்கும் சத்தமும்?

முன்னால் சிவப்பும் நீலமுமாக மாறுகிற வட்ட விளக்கு, பின்னால் மஞ்சளும் பச்சையும். அதோடு சின்னப் புள்ளிகள் மினுமினுக்கும் செவ்வகங்கள் உண்டு. முதல் படத்தில் அவற்றை ஒளியிழை கொண்டு செய்தார்கள். நாம் எல்இடியில் செய்கிறோம். புள்ளிகளை ஒரே சீராக அணைத்துப் போட்டால் சீரியல் செட் மாதிரி ஆகிவிடும். நேர இடைவெளியைக் கலைத்து விடுங்கள்.

சத்தம் பென் பர்ட் என்ற ஒலிக் கலைஞரின் வேலை. ஏஆர்பி 2600 என்ற சின்தசைசரோடு (மின்னணு இசைக் கருவி) தன் குரலையும் கலந்தார், குழந்தை மழலை பேசுவது மாதிரி. அதனால்தான் அது இயந்திரச் சத்தமாக நின்றுவிடவில்லை. ஒரு மெமரி கார்டில் சத்தங்களைப் போட்டு, சின்ன எம்பி3 போர்டில் ஓட விடலாம். நான் அவற்றை "சந்தோஷம், பயம், கேள்வி, சண்டை" என்று நாலு கட்டாகப் பிரித்து ரிமோட்டில் நாலு பொத்தானில் வைத்தேன். யாராவது கிட்டே வந்தால் முதலில் தலை திரும்ப வேண்டும், அரை விநாடி கழித்து சத்தம் வர வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் அலாரம் அடித்தது மாதிரி இருக்கும். அந்த அரை விநாடியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

ஸ்பீக்கரில் மோட்டார் இரைச்சல் கேட்டால், சத்தத்துக்குத் தனி பேட்டரி போடுங்கள். பிரச்சினை அன்றோடு தீரும்.

பெயின்ட்?

கார் பெயின்ட் அடிக்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். பட்டி பார்ப்பதும் தேய்ப்பதும் நான், ஸ்ப்ரே அவர். 120, 220, 400 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போங்கள், முகக் கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். ஐப்பசி மழையில் அடிக்க வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால், சீக்கிரம் காய்கிற என்சி பெயின்ட் பால் படர்ந்தது மாதிரி வெளுத்துவிடும். தை, மாசி நல்ல மாதங்கள்.

நீலத்தைப் பற்றி ஒன்று. முதல் படத்தின் விண்வெளிச் சண்டைக் காட்சிகளில் ஆர்டூவின் நீலப் பகுதிகள் கறுப்பாகத் தெரியும். நீலத் திரைக்கு முன்னால் எடுத்ததால் நீலம் நிற்காது, அதனால் அப்படி. எனவே "சரியான நீலம்" எது என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எவ்வளவு செலவு?

எனக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் மூன்றும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு. வீணாய்ப் போனதும் அதில் அடக்கம். ஓடாமல் நிற்கிற ஆர்டூ போதும் என்றால் நாற்பதாயிரத்தில் முடிக்கலாம், பின்னால் மோட்டார் வைக்கப் பாதத்தில் இடம் விட்டுக் கட்டுங்கள்.

ஒன்று செய்து கொடுப்பீர்களா? கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவீர்களா?

இல்லை. உருவத்தின் உரிமை படத்தின் உரிமையாளர்களுடையது. சொந்த ஆசைக்குக் கட்டுவது வேறு, விற்பது வேறு. பள்ளிக்கூடங்களுக்குக் காசு வாங்காமல் கொண்டுபோகிறேன். கட்ட விரும்புகிறவருக்கு என் நோட்டைக் கொடுக்கிறேன்.

எனக்கு எலக்ட்ரிகல் தெரியாது. முடியுமா?

முடியும். எனக்குத் தச்சு வேலை தெரியாது. இழைப்புளியைச் சரியாகப் பிடிக்கவே ஆறு வாரம் ஆனது. மூன்று, நாலு பேர் சேர்ந்து கட்டுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். முதல் மாதம் ஒரு பாதத்தை மட்டும் முழுசாக முடியுங்கள். மரம், உலோகம், மோட்டார், ஒயர், பெயின்ட் எல்லாமே அதில் இருக்கிறது. அது பிடித்திருந்தால் மீதியும் பிடிக்கும்.

வெளியூர் கொண்டுபோக முடியுமா? ஏற்காட்டுக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்களே?

கொண்டுபோனேன். அக்கா குடும்பம் அங்கே ஒரு காபி தோட்டத்தில் இருக்கிறது. தலையைக் கழற்றிப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, உடம்பை வேனில் படுக்க வைத்து நாலு பக்கமும் தலையணை கொடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் மெதுவாக ஏறினோம். நிற்க வைத்து ஏற்றாதீர்கள், ஒவ்வொரு வளைவிலும் தோள் மூட்டு வாங்கும்.

மலைச் சாலையில் அதை ஓட்டக் கூடாது. சின்னச் சக்கரம் ஜல்லியில் புதையும், சரிவில் எடை மையம் நகர்ந்துவிடும். காபிக் கொட்டை காயப் போடும் களம் இருக்கிறதே, வழவழவென்று மட்டமாகச் சிமெண்ட் போட்டது, ஆர்டூவுக்கு அதைவிட நல்ல தரை நான் பார்த்ததில்லை. வேலைக்கு வந்த அம்மாக்கள், அவர்கள் பிள்ளைகள், தோட்டத்து நாய் எல்லாம் சுற்றி நின்றார்கள். ஒருவருக்கும் படம் தெரியாது. ஒரு பாட்டி கிட்டே வந்தார். தலையைத் திருப்பி, அரை விநாடி விட்டு, "கேள்வி" பொத்தானை அழுத்தினேன். அவர் குனிந்து, "என்ன சாமி வேணும்?" என்று அதனிடம் கேட்டார்.

இரவு அதை வெளியே விடாதீர்கள். மலையில் வானம் பார்த்து நிற்கிற அலுமினியம் சீக்கிரம் குளிர்ந்து பனி பிடிக்கும். அந்த ஈரம் ஜன்னல் இடுக்கு வழியாக போர்டுகளுக்கு இறங்கும். உள்ளே வைத்து, தலை மேல் ஒரு பருத்தித் துணி போட்டு வையுங்கள். காலையில் சுவிட்ச் போடுவதற்கு முன் பேனலைத் திறந்து கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஒரு மணி நேரம் இள வெயிலில் திறந்து வைத்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.